கச்சத்தீவு: மீட்பதா, குத்தகையா, இழுவை வலையை மாற்றுவதா?

எல்லை தாண்டிய தமிழக விசைப்படகுகளை இலங்கைக் கடற்படை பிடிக்கும்போதெல்லாம் கச்சத்தீவுப் பேச்சு வருகிறது. தீவின் பரப்பு 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது, அந்தோணியார் கோயில் உண்டு. இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தள்ளிப் போகிறது. படகுகள் பல பிடிபடுவதோ அதையும் தாண்டி, இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம்.

தீவு இலங்கைக்கு என்று ஒப்புக்கொண்ட 1974 ஒப்பந்தத்தை ரத்து செய்து அதைத் திரும்ப வாங்கியே விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கோடு சற்றுக் கிழக்கே நகரும், அவ்வளவுதான். நெடுந்தீவுக் கடல் அப்போதும் இலங்கைக்குத்தான். மேடைக்கு நல்ல கோரிக்கை. விசைப்படகுக்கு அதனால் ஒரு கூடை இறால்கூடக் கூடாது.

நீண்டகாலக் குத்தகையில் யாருக்கும் முகம் கெடாது. முன்னுதாரணமும் உண்டு: வங்கதேசத்துக்கு இந்தியா விட்ட தீன் பிகா பாதை. 1974-இல் ஒப்புக்கொண்டது, 1992-இல்தான் திறந்தது, 24 மணி நேரப் போக்குவரத்துக்கு 2011 வரை ஆனது. அது வெறும் நடைபாதை அளவு நிலம். இங்கே சுற்றியுள்ள கடலையும் பத்திரத்தில் எழுதினால்தான் பயன்.

"கச்சத்தீவு ஒப்பந்தத்தில் 5-ஆவது பிரிவு இருக்கிறதே" என்பார்கள். விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரத்தான் அது வழிவிடுகிறது. மீன்பிடிப்பை இரு நாட்டுக்கும் இடையிலான 1976 கடிதப் பரிமாற்றம் அடைத்துவிட்டது. இலங்கைக் கடலில் பிடிக்க உரிமம் கேட்கலாம்தான். ஆனால் இழுவைமடி வலையை இலங்கை 2017-இல் தன் மீனவர்களுக்கே தடை செய்துவிட்டது. பலகை கட்டித் தரையோடு இழுக்கும் மடி குஞ்சையும் அள்ளும், இலங்கை வடபகுதி மீனவர் விரித்த வலையையும் அறுக்கும். நஷ்டப்படுவதும் தமிழர்தான்.

நிஜத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தது 2010-இல் இருதரப்பு மீனவர்களும் பேசி முடித்ததுதான்: ஓராண்டில் இழுவையை நிறுத்துவது, அதுவரை 70 நாள் தொழில், தீவுகளிலிருந்து 3, பெருநிலக் கரையிலிருந்து 7 கடல் மைல் விலகி நிற்பது. அரசுகள் கையெழுத்துப் போடவில்லை.

இழுவையை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவோருக்கான 2017-இன் திட்டம் அடுத்தது. சூரை மீன் பிடிக்கும் படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய்: மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக்கடன் 20, மீனவர் 10. இலக்கு 2,000 படகு; சேர்ந்தவர் சொற்பம். காரணம் எளிது. கைப்பணம் 8 லட்சம், கடன் 16 லட்சம். சாயங்காலம் போய் மறுநாள் காலையில் திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். பாக் நீரிணையில் ஆழமும் இல்லை, மன்னார் வளைகுடா பக்கம் போயாக வேண்டும். பழைய படகை உடைக்காமல் மானியம் கொடுத்தால், அது கைமாறி மறுபடி மடி இழுக்கவே வரும். இவை எல்லாவற்றிலும் இதற்குத்தான் என் ஓட்டு, ஆனால் கைப்பணத்தைப் பாதியாக்கி, முதல் இரண்டு ஆண்டுக்குத் தவணை இல்லாமல்.