இறக்கத்துக்கான ஷூ: பழனி மலைப் பாதைகளில் நெடுநாள் அனுபவம்

மலையேற்றத்துக்கு ஷூ வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவதை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் காலைப் பதம் பார்ப்பது இறக்கம். வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் நோஸ், வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரை வரை போகும் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சோலைக்காட்டுக் குளிர், கீழே பெரியகுளத்து வெயில், நடுவில் 1,500 மீட்டருக்கும் மேல் இறக்கம். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கமிருந்துதான் ஜனங்கள் நடந்தும் குதிரையிலும் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். இன்று வனத்துறை அனுமதியோடு நடக்கிறவர்களில் அதிகம் பேர் மேலிருந்து கீழே வருகிறார்கள். மணிக்கணக்கில் உடம்பின் எடை முழுவதும் விரல் நுனியை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஷூ நமக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

கொடைக்கானலில் குடியிருப்பதால் எனக்கு நடை என்பது விடுமுறைக்கு மட்டுமான காரியம் இல்லை. பெருமாள் மலை, பூம்பாறைப் பக்கம், மன்னவனூர் புல்வெளி, அவ்வப்போது நீலகிரி என்று பல வருடங்களாக நடக்கிறேன். வேறு வேறு வகை ஷூக்கள் தேய்ந்து, கிழிந்து போயிருக்கின்றன. அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மாடல் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ஒரே பெயரில் அடுத்த பதிப்பு வரும்போது, ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் உள் அச்சையே மாற்றிவிடுகிறார்கள். எனக்குப் பொருந்திய பெயரை நம்பி நீங்கள் வாங்கினால் உங்களுக்கு வருவது வேறு ஷூவாக இருக்கக்கூடும்.

என் முதல் ஜோடி கணுக்காலுக்கு மேல் ஏறும் வகை. தண்ணீர் புகாது, கனத்த சோல், கையில் எடுத்தாலே ஒரு நம்பிக்கை வரும். கடையில் நடந்து பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. வெள்ளகெவிக்குப் பாதி வழி இறங்கியதும் இரண்டாவது விரல் முன்பக்கத்தில் இடிக்கத் தொடங்கியது. எனக்கு அந்த விரல் கட்டைவிரலைவிட நீளம்; நம்மில் நிறையப் பேருக்கு அப்படித்தான். கும்பக்கரை வந்து சேர்வதற்குள் நகம் கன்றிவிட்டது. பிறகு கறுத்து, விழுந்து, புதிதாக முளைக்க மாதக்கணக்கில் ஆயிற்று. சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் வேறு. எண்ணைப் பார்த்தால் ஷூ என் அளவுதான். முன்பக்கம் கூம்பிக் குறுகியிருந்ததால் விரல்கள் விரிய இடமில்லாமல் போய்விட்டது.

இந்த அகல விஷயம் என் ஒருத்தியின் தொல்லை இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவி வைத்து அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம் பாதங்கள் அகலம் என்று அதில் தெரிந்தது. நாம் கடையில் சொல்லும் ஆறு, ஏழு, எட்டு எல்லாம் பிரிட்டிஷ் அளவுகள். அதற்கு மாற்றாக, இந்தியப் பாதங்களுக்கென்றே ‘பா’ என்ற அளவுமுறையை முன்வைத்திருக்கிறார்கள். அது எல்லாக் கடைகளுக்கும் பரவினால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய விடுதலை.

அதுவரை பலரும் செய்வது, அகலம் போதவில்லை என்றால் ஒரு எண் கூட்டி வாங்குவது. பிரிட்டிஷ் கணக்கில் ஒரு எண்ணுக்கு ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர் நீளம் கூடுகிறது. அகலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. முன்னால் பிடிக்கிற இடம் பிடித்துக்கொண்டே இருக்கும், பின்னால் குதிகால் லொடலொடவென்று ஆடும். ஆடினால் உரசும், உரசிய இடம் கொப்பளிக்கும். அதனால் எண்ணை விட்டுவிட்டு, அகல அச்சில் செய்த ஷூவைத் தேடுவதுதான் வழி. சில நிறுவனங்கள் அட்டைப் பெட்டியிலேயே அகலக் குறியீடு போடுகின்றன. ஆண்கள் ஷூவில் ‘டி’ என்றால் சாதாரண அகலம், ‘டூ ஈ’ என்றால் அதைவிட அகலம், ‘ஃபோர் ஈ’ இன்னும் அகலம்.

பெண்களுக்கு இதில் சிரமம் கூடுதல். பெண்கள் ஷூ என்று விற்பவை பொதுவாக ஆண்கள் ஷூவைவிடக் குறுகலான அச்சில் வருகின்றன. எனக்கு இப்போது கச்சிதமாக இருப்பது ஆண்கள் வரிசையில் எடுத்தது. “அக்கா, இது ஜென்ட்ஸ் மாடல்” என்றார் கடைத் தம்பி. “தெரியும்ப்பா, இதிலேயே அகலமானது இருந்தா எடு” என்றேன். நிறத்தையும் வரிசையையும் பார்த்து விலக்காமல் போட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு தோழியிடமும் சொல்லிவருகிறேன்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? சாயங்காலம் போக வேண்டும். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையில் நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடும் அதே சாக்ஸை எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் தரும் மெல்லிய சாக்ஸோடு பார்த்தால் கணக்கு தப்பிவிடும். முதலில் ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவி, தரையில் போட்டு, அதன்மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து வைத்துப் பார்த்தால் பாதம் விரியாது. நிற்கும்போது பாதத்தின் ஓரம் இன்சோலைத் தாண்டி வெளியே பிதுங்கினால் அந்த ஷூவைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இந்த ஒரு சோதனை எனக்குப் பல ஜோடிகளைக் கழித்துக் கொடுத்திருக்கிறது.

அப்புறம் லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடிப்படியைத் தேடுங்கள். பெரிய கடைகளில் சாய்தளமே வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் படியே போதும். ஏறுவதை விடுங்கள், நிதானமாக இறங்குங்கள், இரண்டு மூன்று முறை. விரல் நுனி முன்னால் தொட்டால் அது உங்கள் ஷூ இல்லை. விற்பவர் “போடப் போட லூஸாயிடும் மேடம்” என்பார். தோல் ஷூ அகலத்தில் கொஞ்சம் இளகும், உண்மைதான். ஆனால் எந்த ஷூவும் நீளத்தில் வளராது. இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பவர்கள் குறைவு என்பதால் பெரிய பாதத்துக்குப் பொருந்துவதையே எடுக்க வேண்டும்.

தண்ணீர் புகாத ஷூ தேவையா என்பதில் என் கருத்து நடந்து நடந்து மாறியது. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வைத்த ஷூ, குளிர்காலக் காலையில் மன்னவனூர் புல்வெளியில் பனியும் உறைபனியும் இருக்கும்போது அருமையாக உதவுகிறது. கால் காய்ந்தே இருக்கும், கதகதப்பாகவும் இருக்கும். ஆனால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஓடையில் ஒருமுறை கணுக்காலுக்கு மேல் நனைந்தால் போதும். மேல்வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழி இல்லை. ஷூ அதை உள்ளேயே வைத்துக்கொள்ளும். அடிவாரத்து வெக்கையிலோ வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும். ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரிகிறது. அதனால் கும்பக்கரை மாதிரி இறக்கங்களுக்கு நான் போடுவது சவ்வு இல்லாத வலைத்துணி ஷூ. நனைந்தாலும் நடக்க நடக்கத் தண்ணீர் வடிந்து காய்ந்துவிடும். பையில் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் கூடுதலாக இருக்கும். பருத்தி சாக்ஸ் மட்டும் வேண்டாம். ஈரத்தை அது விடவே விடாது.

ரத்தம் உறிஞ்சும் அட்டைகளுக்கு எந்த ஷூவும் தடை இல்லை. லேஸ் ஓட்டையும் கழுத்து விளிம்பும் அவற்றுக்குப் போதும். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டை சாக்ஸ்தான் சரி. அதையும் சேர்த்துப் போட்டால் ஷூ இறுகும் என்பதை வாங்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷூவின் அடிப்பாகமான சோல் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். நம் மலையில் ஒரே நடையில் மூன்று விதமான தரை வருகிறது. பைன் காட்டில் உதிர்ந்த ஊசி இலைகள் காய்ந்திருக்கும்போதுதான் அதிகம் வழுக்கும். சோலைக்காட்டுக்குள் பாசி படிந்த ஈரப்பாறை. அடிவாரத்தை நெருங்கும்போது காலடியில் உருளும் சரளை. 1935-ல் இத்தாலியில் மலையேறப் போன ஆறு பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். காலணிகள் அந்த மலைக்கு ஏற்றவையாக இல்லாததும் அதற்கு ஒரு காரணம். அவர்களோடு போயிருந்த வித்தாலே பிரமானி அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் பள்ளம் பள்ளமாக வெட்டிய ரப்பர் சோலை உருவாக்கினார். 1937-ல் வந்த அந்த சோல்தான் விப்ரம். இன்றைய மலை ஷூக்களின் அடிப்பாகம் அனேகமாக அந்த வழியில் வந்தது. பற்கள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழமும், மண் அடைத்துக்கொள்ளாத இடைவெளியும் இருந்தால் சரளையிலும் மண்ணிலும் நன்றாகப் பிடிக்கும். ஈரப்பாறையில் பல்லைவிட ரப்பரின் மென்மை முக்கியம். மென்மையான ரப்பர் ஒட்டிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் தேயும். நான் தேய்மானத்தை ஏற்றுக்கொண்டு மென்மையைத் தேர்ந்தெடுக்கிறேன். பாசிப்பாறையில் எந்த ரப்பரும் முழுக் காவல் இல்லை. அங்கே கம்பை ஊன்றிச் சிறு சிறு அடியாக வைத்து நடப்பதுதான்.

கணுக்காலை மூடும் உயரம் வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சுமை அதிகமென்றால் எனக்கு அது பிடிக்கும். சரளையும் முள்ளும் உள்ளே விழாது. ஒரு நாள் நடைக்குத் தாழ்ந்த ஷூவே போதும். எடை குறைவு, கால் சீக்கிரம் சோராது.

நல்ல ஷூவையும் லேஸ் கட்டும் விதம் கெடுத்துவிடும். இறக்கம் தொடங்கும் முன் நின்று, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கணுக்கால் வளைவில் லேஸை இரட்டை முறுக்குப் போட்டு இறுக்குவேன். விரல் பக்கம் தளர்வாகவே இருக்கும். மேலே உள்ள கடைசி இரண்டு ஓட்டைகளில் வளையம் போட்டுக் கட்டினால் குதிகால் எழும்பாது. வெள்ளகெவியில் இதற்கு இயல்பாகவே ஒரு நிறுத்தம் கிடைக்கிறது. கோயில்கள் நிறைந்த அந்த ஊருக்குள் யாரும் காலணி போடுவதில்லை. வருகிறவர்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஊரைக் கடந்ததும் உட்கார்ந்து, பாதத்தைத் துடைத்து, எங்காவது சூடாகச் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, அங்கே பிளாஸ்திரி ஒட்டிவிட்டு மறுபடி கட்டுகிறேன். கொப்புளம் வந்தபின் மருந்து போடுவதைவிட இந்தச் சில நிமிடம் எவ்வளவோ மேல்.

வருடக்கணக்கில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது கடையில் யாரும் சொல்லாத விஷயம். வலைத்துணி, சுண்டுவிரல் மடங்கும் இடத்தில்தான் முதலில் கிழிகிறது. இன்சோல் அதற்கும் முன்பே நசுங்கிவிடும். அதை மட்டும் புதிதாகப் போட்டால் ஷூ இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். என்னிடம் இருந்த ஒரு கனத்த ஜோடியை அதிகம் போடாமல் அலமாரியில் வைத்திருந்தேன். வெளியே பார்க்கப் புதிதாகவே இருந்தது. ஒருநாள் பூம்பாறைப் பாதையில் நடந்துகொண்டிருக்கும்போதே அடிப்பாகம் உதிர்ந்து தூள் தூளாகக் கொட்டியது. பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் பாலியூரித்தேன் நடுசோல் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து உள்ளுக்குள்ளேயே சிதையும். கொடைக்கானல் மாதிரி ஈரமான ஊரில், போடாமல் வைத்த ஷூவுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நெடுநாள் கழித்து எடுத்தால், மலைக்குப் போகும் முன் வீட்டருகே போட்டு நடந்து, நடுசோலை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அதோடு காட்டுக்குப் போகாதீர்கள்.

நனைந்த ஷூவை அடுப்பருகே வைத்துக் காயப்போடும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். இன்சோலை உருவி, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஈரமானதும் மாற்றினால் மறுநாளுக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். சோல் ஓரம் பிரிந்தால் பசையை மட்டும் நம்பாமல், செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்துச் சுற்றிலும் தையல் போடச் சொல்வேன். அவர் போட்ட தையல், கம்பெனிப் பசையைவிட அதிக நாள் தாங்கியிருக்கிறது. சவ்வு வைத்த ஷூவில் மட்டும் ஊசி குத்தக் கூடாது, அது ஓட்டையாகிவிடும்.

இப்போது போடும் ஜோடியின் குதிகால் பற்கள் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன. சமதளத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது, இறக்கத்தில் லேசாக நழுவுகிறது. அதனால் ஏரியைச் சுற்றும் காலை நடைக்கு அதை ஒதுக்கிவிட்டேன். அதே மாடலின் புதிய பதிப்பு முன்பக்கம் குறுகி வந்திருக்கிறது. பழைய ஜோடியின் இன்சோலை உருவிப் பையில் வைத்திருக்கிறேன்; அடுத்த வாரம் மதுரைக்குப் போகும்போது கடையில் ஒவ்வொரு ஷூவின் இன்சோல்மேலும் இதை வைத்துப் பார்த்துத்தான் எடுக்கப்போகிறேன்.