கைக்குழந்தைகளுக்கான சென்சரி வகுப்பு: ஓராண்டு அனுபவம்

கைக்குழந்தையையும் அதன் தாயையோ தந்தையையோ ஒன்றாக உட்காரவைத்து ஒளி, ஓசை, தொடுவுணர்வு ஆகியவற்றை விளையாட்டாக அறிமுகப்படுத்தும் சென்சரி வகுப்புகள் இங்கிலாந்தில் இன்று பரவலாக நடக்கின்றன. வடமேற்கு லண்டனின் ஹாரோ பகுதியில், தேவாலயத்தை ஒட்டிய அரங்கு ஒன்றில் நடக்கும் அத்தகைய வகுப்புக்கு என் மகளுடன் அவளுடைய முதல் பிறந்தநாள் நெருங்கும் வரை சென்றுவந்தேன். பணம் கட்டிச் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுமார் மூன்றாம் மாதத்திலிருந்து தவழத் தொடங்கும் வரை இந்த வகுப்பு மிகவும் பயனுள்ளது. அந்தப் பயனில் பெரும்பகுதி பெற்றோருக்கே கிடைக்கிறது. தவழத் தொடங்கிய பிறகு இதற்குச் செலவிட வேண்டிய அவசியம் இல்லை.

செலவு சிறியதல்ல. ஒரு வகுப்புக்கு ஏறக்குறைய பத்து பவுண்டு ஆகிறது. டெர்ம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். இங்கு மகப்பேறு விடுப்பு 52 வாரம் வரை கிடைத்தாலும் சட்டப்படியான ஊதியம் 39 வாரங்களுக்கு மட்டுமே உண்டு என்பதால், விடுப்பின் கடைசி மாதங்களில் இந்தத் தொகை நன்றாகவே உறைக்கும்.

வகுப்பில் நடப்பவை பார்வைக்கு எளியவை. ஒரு வாரம் அரங்கின் விளக்குகளை அணைத்துவிட்டு ஒளியிழைக் கற்றைகளைக் குழந்தைகளின் முன்னே தொங்கவிடுவார்கள். இன்னொரு வாரம் வெந்து ஆறிய நூடுல்ஸைத் தட்டில் பரப்பி அளையவிடுவார்கள். என் மகளுக்கு மிகவும் பிடித்தது, நெடுந்தூர ஓட்டக்காரர்கள் போர்த்திக்கொள்ளும் மெல்லிய வெள்ளித்தாள் போர்வை. அதன்மேல் மல்லாக்கப் படுக்கவைத்த முதல் நாள், அவளுடைய குதிகால் பட்டு அது சரசரத்ததும் இரண்டு கால்களையும் அந்தரத்தில் தூக்கியபடி அப்படியே நிறுத்திவிட்டாள். சற்றுப் பொறுத்து ஒரு காலை மட்டும் இறக்கி மெல்ல உரசினாள், சத்தம் வந்தது. மறுபடி உரசினாள். தன் கால்தான் அந்தச் சத்தத்தை எழுப்புகிறது என்பதை ஒரு குழந்தை கண்டுபிடிக்கும் தருணத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆசிரியை அப்போது யாரையும் பேசவிடாமல் கையமர்த்தினார்.

அந்த ஆசிரியையின் திறமைதான் வகுப்பின் உண்மையான மதிப்பு. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவையே ஓரளவு தெளிவாகத் தெரியும். கறுப்பு வெள்ளை போன்ற அழுத்தமான வேறுபாடுகளே கண்ணை ஈர்க்கும். ஆகவே எந்தப் பொருளையும் ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில் அசையாமல் பிடித்து, குழந்தை அதைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். அதைவிட முக்கியமாக, போதும் என்று குழந்தை சொல்லும் விதங்களைக் காட்டிக்கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்க நேரம் இல்லாதபோதும் கொட்டாவி விடுவது, விரல்களை விரித்து விறைப்பது, முதுகை வில்லாக வளைப்பது ஆகியவை அழுகைக்கு வெகு முன்னரே வருகின்றன. நம் வீடுகளில் குழந்தை முகத்தைத் திருப்பினால் கிலுகிலுப்பையை இன்னும் பலமாக ஆட்டி, "இங்க பாரு, இங்க பாரு" என்று கூப்பிடுவதுதான் வழக்கம். ஒரு நிமிடம் விட்டுவிட்டால் குழந்தை தானாகவே திரும்பிப் பார்க்கும் என்பதை அங்கே ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். உறவினர்கள் வீடு நிறைய வந்த நாள்களில், எந்த நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போக வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

குப்புறப் படுக்கவைக்கும் பயிற்சிக்கும் நிறைய நேரம் ஒதுக்கினார்கள். தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களைத் தடுக்க, குழந்தைகளை மல்லாக்கவே தூங்கவைக்க வேண்டும் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991இல் தொடங்கி, அத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. எப்போதும் மல்லாக்கத் தூங்குவதால், கழுத்தும் தோளும் வலுப்பெறுவதற்கு விழித்திருக்கும் நேரத்தில் குப்புறக் கிடத்துவது அவசியமாகிறது. திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒருநாள் உடன் வந்து இதைப் பார்த்துவிட்டு, கால்களை நீட்டி உட்கார்ந்து அவற்றின்மேல் பேத்தியைக் குப்புறப் போட்டு முதுகை நீவிக் காட்டினார். நாங்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அதே முறைதான். ஆசிரியை அதை மற்றத் தாய்மார்களுக்கும் செய்துகாட்டச் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

குறைகளும் உண்டு. பாட்டு ஒலிபெருக்கியில் அளவுக்கு மீறிச் சத்தமாக ஒலித்த நாள்கள் பல. நேரில் கேட்டுக்கொண்டபோது மட்டும் குறைத்தார்கள். இதைவிடக் கவலைக்குரியது, வேறொரு நிறுவனத்தின் மாதிரி வகுப்பில் நான் கண்டது. தண்ணீரில் ஊறிப் பலமடங்கு பெருக்கும் வண்ண ஜெல் மணிகளைத் தட்டில் போட்டு, எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளின் முன்னே வைத்தார்கள். விழுங்கினால் இவை வயிற்றுக்குள் பெருத்துக் குடலை அடைத்துவிடும். குழந்தைகளுக்கென்று இவற்றை விற்பதை நிறுத்துவதாக அமேசான், வால்மார்ட், டார்கெட் ஆகியவை 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அறிவித்தன. நான் உடனே எழுந்து வந்துவிட்டேன். பெற்றோர் உடனிருக்கும் வகுப்பு என்பதால் நடத்துபவர்கள் ஆஃப்ஸ்டெட் என்ற கல்வி, குழந்தைப் பராமரிப்பு மேற்பார்வை அமைப்பில் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே பொருள்களைச் சோதித்துப் பார்ப்பது நம் பொறுப்பாகிறது.

மகள் தவழத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. பாயில் உட்கார மறுத்து அரங்கின் கதவையும் மற்றவர்களின் பைகளையும் தேடிப் போனாள். உண்மையில், அதற்குச் சற்று முன், ஆதரவின்றி உட்காரத் தொடங்கி இன்னும் தவழாத வயதுக்கு ஏற்ற ஒரு விளையாட்டை எலினார் கோல்ட்ஷ்மீட் என்ற கல்வியாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்திருக்கிறார். மரம், உலோகம், துணி, தோல் என்று பிளாஸ்டிக் அல்லாத அன்றாடப் பொருள்களை ஒரு கூடையில் நிரப்பிக் குழந்தையின் முன் வைத்துவிட்டுப் பெரியவர் பேசாமல் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூடையில் மரக்கரண்டி, எவர்சில்வர் டம்ளர், தேங்காய் நார் பிரஷ், பனையோலை விசிறி ஆகியவை இருந்தன. டம்ளருக்குள் கரண்டியை விட்டு எடுப்பதிலேயே அவள் காலைப்பொழுதைக் கழித்தாள். நூலகத்தில் நடக்கும் பாட்டு நேரத்துக்கும் கட்டணம் கிடையாது. கடைசி டெர்முக்குப் பதிலாக அங்கேதான் போனோம்.

சேர விரும்புபவர்கள் முதலில் ஒரு மாதிரி வகுப்புக்குப் போய்ப் பார்க்கவும். வயதுவாரியாகக் குழுக்களைப் பிரிக்கிறார்களா, வாயில் வைத்த பொருள்களை அடுத்த குழுவுக்குக் கொடுக்கும் முன் கழுவுகிறார்களா, காய்ச்சல் காரணமாக வர முடியாத வாரத்துக்கு வேறு நாளில் இடம் தருகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும். அழும் குழந்தையின் தாயிடம் ஆசிரியை எப்படி நடந்துகொள்கிறார் என்பதைக் கவனித்த பிறகு பணம் கட்டவும்.