சிகுல்டாவா, செசிஸா? காவ்யா பள்ளத்தாக்குக்கு ஒரு நாள்

லாத்வியாவின் காவ்யா தேசியப் பூங்காவைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் சிகுல்டாவில் இறங்குவதா, அதே ரயிலில் உட்கார்ந்து செசிஸ் வரை போவதா? அக்டோபரில் இரண்டு ஊருக்கும் தனித்தனியாகப் போய் வந்தேன். என் ஓட்டு சிகுல்டாவுக்கு.

காடு, மணற்பாறை, காவ்யா ஆறு எல்லாம் இரண்டுக்கும் பொது. 1973-இல் அமைத்த ஒரே பூங்காதானே. தலைநகர் ரீகாவிலிருந்து சிகுல்டா ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், செசிஸ் இன்னும் கொஞ்ச தூரம். இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

கார் இல்லாமல் எவ்வளவு பார்க்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சிகுல்டா ஸ்டேஷனிலிருந்து நடந்தே பழைய கோட்டை இடிபாட்டுக்குப் போய்விடலாம், பக்கத்திலேயே 1969 முதல் ஓடுகிற ரோப் கார், அது ஒரு கிலோமீட்டர் கம்பியில் ஆற்றைத் தாண்டி, இன்னொரு கோட்டை இடிபாடு இருக்கிற கிரிமுல்டாவில் இறக்கிவிடும், அங்கிருந்து வளைந்து வளைந்து காட்டுக்குள் இறங்கும் பாதையில் போனால் குட்மானிஸ் குகை. காதலர்கள் பாறையில் பெயர் செதுக்குவது இந்தக் காலத்துச் சேட்டை என்று நினைத்திருந்தேன். இங்கே 17-ஆம் நூற்றாண்டிலேயே செதுக்கியிருக்கிறார்கள்! அப்புறம் ஒரு ஏற்றம், மேலே துரைடா. (பெயரைப் பார்த்ததும் 'துரைடா!' என்று யாரோ சட்டைக் காலரைத் தூக்கிவிடுவது போலத்தான் இருந்தது. அந்தப் பகுதியின் பழைய மொழியான லிவோனியத்தில் 'கடவுளின் தோட்டம்' என்று பொருளாம்.) 1214-இல் கட்ட ஆரம்பித்த செங்கல் கோட்டை. கோபுரத்தில் ஏறினால் மஞ்சளும் சிவப்புமான காட்டுக்கு நடுவே ஆறு வளைந்து போவது தெரியும். திரும்ப ஸ்டேஷனுக்குப் பேருந்து உண்டு. மூன்று கோட்டை, ஒரு குகை, ஒரு பள்ளத்தாக்கு, எதற்கும் டாக்சி பிடிக்கவில்லை.

செசிஸில் கோட்டை மட்டும் என்று பார்த்தால், மறைக்காமல் சொல்கிறேன், அதுதான் அருமை. கையில் மெழுகுவர்த்தி லாந்தரைக் கொடுத்து இருட்டுக் கோபுரத்துக்குள் அனுப்பிவிடுகிறார்கள். 1577-இல் ரஷ்ய மன்னர் 'கொடூர' இவானின் படை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் சரணடையாமல் வெடிமருந்தைக் கொளுத்தி மாண்டது இதே கோட்டையில்தான். லாந்தர் வெளிச்சத்தில் படியேறும்போது அது நினைவுக்கு வந்து தொலைக்கும். சரி, அதற்குப் பிறகு? கோட்டை ஊருக்குள் இருக்கிறது, ஆறு சில கிலோமீட்டர் தள்ளி. ஆற்றோரத்து எர்க்ளு பாறைகளைப் பார்க்கலாம் என்று நடந்தே கிளம்பி, இருட்டிவிடும் என்ற பயத்தில் பாதியில் திரும்பினேன். சைக்கிள் எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

நான் பார்த்தது இலையுதிர்காலம் மட்டும். பனியில் அந்தக் குகைப்பாதை எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்குத் துரைடா ஏற்றம் சிரமம்தான், அவர்கள் பேருந்திலேயே மேலே போய்விடலாம். கார் இருந்தால் மட்டும் செசிஸுக்கே போங்கள், வழியில் லீகட்னேயில் மோட்டார் இல்லாமல் ஆற்றின் ஓட்டத்திலேயே காரையும் ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கும் படகு ஒன்று உண்டு. எனக்கு அது இன்னும் பாக்கி.