ஆப்பில் பக், கட்டிலில் மூட்டைப்பூச்சி

மாசியில் பங்காளி வீட்டுக் கல்யாணம். சனமெல்லாம் தேவகோட்டையில் உள்ள எங்கள் பொது வீட்டில்தான் தங்கியது. வாடகைக்கு இருபது மெத்தை வந்து இறங்கியது. கல்யாணம் முடிந்து மெத்தைகள் திரும்பிப் போயின, அவற்றோடு வந்த மூட்டைப்பூச்சி போகவில்லை. என் பர்மா தேக்குக் கட்டிலில் சட்டமும் காலும் சேரும் இடத்தில் கசகசா சிந்தினாற்போல் கறுப்புப் புள்ளிகள். ஊசியை விட்டுக் கிளறினால் ஒரு குடும்பமே வெளியே வந்தது.

வெயில், வெந்நீர், மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் பேரன், "ஐயா, நான் ஆப்புல புக் பண்ணி விடுறேன்" என்றான். காரைக்குடியிலிருந்து ஆள் அனுப்பும் ஒரு பூச்சி மருந்து நிறுவனம். பெயர் வேண்டாம், ஏன் என்று படித்தால் தெரியும்.

என்ன பூச்சி என்று கேட்ட இடத்தில் 'பக்ஸ்' என்று ஒரு கட்டம் இருந்ததாம், பையன் அதைத் தட்டிவிட்டான். வந்தவர் அடுப்படியில் கரப்பானுக்கு ஜெல் வைத்துவிட்டுப் புறப்பட்டார். மூட்டைப்பூச்சிக்குக் கீழே 'பெட் பக்' என்று தனிக் கட்டமாம். இதற்கிடையே 1,800 ரூபாயை இரண்டு முறை பிடித்துவிட்டார்கள். போன் செய்தேன்.

"சார், ஆப்ல ஒரு பக் இருக்கு, பார்த்துக்கிட்டிருக்கோம்."

"இங்கேயும் அதுதாம்மா இருக்கு. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு இது பழக்கம்தான்.

அன்று இரவு அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். பூச்சிக்கும் பக், மென்பொருளில் வரும் கோளாறுக்கும் பக், இரண்டு நாள் காய்ச்சலுக்கும் பக், ஒட்டுக்கேட்க ஒளித்து வைக்கும் கருவிக்கும் பக், ஆளை நச்சரித்தாலும் பக். பேரன் போனில் ஒரு கதை சொன்னான். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறியில் ஒரு அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டதாம். அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, 'பக் நிஜமாகவே கிடைத்தது இதுதான் முதல் முறை' என்று எழுதி வைத்தார்களாம். அப்படி எழுதியிருப்பதிலிருந்தே சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது தெரியவில்லையா? 1878லேயே எடிசன் ஒரு கடிதத்தில் கருவிகளின் சில்லறைக் கோளாறுகளை அப்படித்தான் சொல்கிறார். பூச்சியியல்காரர்களைக் கேட்டால் அந்துப்பூச்சி பக்கே இல்லை. ஊசி போன்ற வாயால் குத்தி உறிஞ்சும் ஓர் இனத்துக்குத்தான் அவர்களிடம் அந்தப் பெயர். மூட்டைப்பூச்சி அதில் சேரும், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினி சேரும், கரப்பானும் கரையானும் சேராது. அரக்குப் பூச்சியும் அந்த இனம்தான். கட்டிலுக்கு மெருகு போட ஆசாரி ஸ்பிரிட்டில் கரைத்தாரே அரக்கு, அது அந்தப் பூச்சி தந்தது. ஆக, ஒரு பக் தந்த மெருகுக்கு அடியில் இன்னொரு பக் குடியிருந்திருக்கிறது.

கணினித் தமிழில் இதற்கு 'வழு' என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல், நன்னூல் நடத்திய காலத்திலிருந்தே. வழு என்றால் பிழை. பிழைதான், ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்றால் வழுவமைதி. பசு வருவதைப் பார்த்துப் பிரியத்தில் 'என் அம்மை வந்தாள்' என்பது போல. இதைச் சொன்னதும் பேரன், "நாங்க அதை ஃபீச்சர்னு, வேணும்னே வச்ச வசதின்னு சொல்லுவோம் ஐயா" என்றான்.

சரி, வேலைக்கு வருவோம். இரண்டாம் முறை வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். டார்ச்சை அடித்துக் கட்டிலைச் சுற்றி வந்தார். "ஐயா, மேலாக அடித்தால் நிற்காது, கழற்றணும்" என்றார். ஆணியே இல்லாத பழைய வேலைப்பாடு, எல்லாம் மர ஆப்பு. துணியை மடித்து வைத்து அதன்மேல் மெதுவாகத் தட்டி ஒவ்வோர் ஆப்பாக எடுத்தார். எந்த ஆப்பு எந்தப் பொருத்துக்கு என்று சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டார். இடுக்குகளில் முதலில் நீராவி, காய்ந்த பிறகு மருந்து. மெருகின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. ஆத்தங்குடிக் கல்லில் சிந்தியதை அவரே துடைத்தார். தலையணை உறை, போர்வையெல்லாம் கொதிநீரில் போடச் சொன்னார். முட்டைக்கு மருந்து சரியாக ஏறாது, பொரித்த பிறகு இன்னொரு முறை அடிக்க வேண்டும் என்றவர், சொன்னபடி பதினான்காம் நாள் வந்து நின்றார். இப்போது ஆறு வாரம் ஆகிறது. ஒரு கடி இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மருந்து நெடி இரண்டு நாள் உள்முற்றத்து வளவு வரைக்கும் நின்றது. கூடுதலாகப் பிடித்த பணம் பத்தொன்பது நாள் கழித்து வந்தது, கூடவே 'உங்கள் பக் தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி. எந்தப் பக் என்று போடவில்லை.

வந்தவருக்கு ஐந்து நட்சத்திரம், ஆப்புக்கு ஒன்று. உங்கள் வீட்டில் தேக்குக் கட்டில் இருந்தால் ஆப் பக்கம் போகாதீர்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு ஆளைப் பிடித்து, மூட்டைப்பூச்சி என்று தமிழிலேயே சொல்லி, ஆப்பு கழற்றத் தெரியுமா என்று கேளுங்கள். அப்புறம், சுத்தியல் எடுத்து வையுங்கள். அது மட்டும் அவர் கொண்டு வரவில்லை.