சின்னப் பலகையில் பெரிய ரயில்: எந்த ஸ்கேல், எந்தப் பின்திரை?

2400 மி.மீ. நீளம், 450 மி.மீ. அகலம். சுவரோரம் அலமாரி போல நிற்கும் இந்தப் பலகையில் பெரிய ஸ்கேல் மாடல் ரயில் தாராளமாக ஓடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பலரும் எஞ்சினையும் தண்டவாளத்தையும் வாங்கி அடுக்கி முடித்த பிறகுதான் பின்திரையைப் பற்றி, அதாவது ரயிலுக்குப் பின்னால் வானத்தையும் ஊரையும் காட்டும் திரையைப் பற்றி, யோசிக்கிறார்கள். கடைசித் தண்டவாளத்துக்குப் பின்னால் எத்தனை மில்லிமீட்டர் மிஞ்சுகிறதோ, அதை வைத்துத்தான் திரையை வரைவதா, அச்சடிப்பதா, முகப்பும் கொஞ்சம் ஆழமும் மட்டும் உள்ள அரைக் கட்டடமாக எழுப்புவதா என்று முடிவாகும். ஆகவே இரண்டையும் சேர்த்தே அலசுவது நல்லது.

முதலில் மூன்று ஸ்கேல்களின் அளவுகள், மி.மீ. கணக்கில். தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாறும். ஓஎன்30 என்பது குறுகிய பாதை ரயிலின் மாடல். பாயிண்ட் என்றால் தடம் இரண்டாகப் பிரியும் இடம், சைடிங் என்றால் வேகன்களை நிறுத்தும் பக்கத் தடம், கப்ளிங் என்றால் வேகன்களை இணைக்கும் கொக்கி.

| | ஓ | ஓஎன்30 | ஜி |
|---|---|---|---|
| விகிதம் | 1:43.5 | 1:48 | 1:22.5 |
| தண்டவாள அகலம் | 32 | 16.5 | 45 |
| சிறிய வேகன், கப்ளிங்கோடு | 150 | 140 | 300 |
| ஒரு பாயிண்ட்டின் நீளம் | 400 | 230 | 300 |
| சைடிங்குகளுக்கு இடையே | 80 | 65 | 150 |
| 6 மீட்டர் உயர வீடு | 138 | 125 | 267 |

சின்னப் பலகைக்குக் காலங்காலமாக ஈடுகொடுத்து வரும் அமைப்பு, பிரிட்டனில் ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நூக் ஷண்டிங், அதாவது வேகன்களை இழுத்தும் தள்ளியும் வரிசைப்படுத்தும் ஆட்டம். இரண்டு பாயிண்ட், மூன்று சைடிங். அவற்றில் 5, 3, 3 வேகன்கள் நிற்கும். முன்னால் உள்ள இழுப்புப் பாதையில் எஞ்சினும் 3 வேகனும் கொள்ளும். 8 வேகன்களிலிருந்து குறித்த வரிசையில் 5 வேகன் கொண்ட ரயிலைச் சேர்க்க வேண்டும். 6,720 வரிசைகள் சாத்தியம்.

ஓ ஸ்கேலில் நீண்ட சைடிங் 750, இழுப்புப் பாதை 650 (எஞ்சின் 200), பாயிண்ட் இரண்டும் 800, ஆக 2200 மி.மீ. பலகையில் அடங்கிவிடும். ஓஎன்30-ல் 1750 போதும். மிச்சமாகும் 650 மி.மீ.யில் ஒரு பாலமோ பாறைச் சரிவோ வைக்கலாம். ஜி ஸ்கேலிலோ 3250 மி.மீ. வேண்டும், நடக்காது. 3-2-2 என்று சுருக்கினால் 2350-ல் இறுக்கிப் பிடித்து அடங்கும். ஆனால் ஆட்டம் 5 வேகன், 60 வரிசை என்று சுருங்கிவிடும். ஒரு வாரத்தில் எல்லா வழியும் மனப்பாடம்.

இனி அகலத்தைப் பாருங்கள். ஓ ஸ்கேலில் மூன்று தடங்களும் முன் விளிம்பும் சேர்ந்து 260 மி.மீ. எடுத்துக்கொள்ள, பின்னால் 190 மிஞ்சும். ஓஎன்30-ல் 235 மிஞ்சும். ஜி ஸ்கேலில் மிஞ்சுவது 10 மி.மீ. மட்டுமே. பின்வரிசை வேகன் வானத்தை உரசிக்கொண்டு நிற்கும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் அதன் நிழல் மேகத்தின்மேல் விழும். இந்த ஒரு காட்சி போதும், மற்ற வேலை எல்லாம் வீணாகிவிடும். ஜி வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் ஒரு சைடிங்கைக் கைவிட்டு 150 மி.மீ. மீட்பதுதான் சரி; பின்னால் 160 மிஞ்சும்.

ஜி ஸ்கேலின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். கனமான எஞ்சின், பல எஞ்சின்களில் சக்கரத்தோடு சறுக்குத் தகடும் மின்சாரம் எடுக்கும். பாயிண்ட்டின் மீது மெதுவாக ஊர்ந்தாலும் நிற்காது. ஓஎன்30-ல் குட்டி எஞ்சினின் நான்கு சக்கரங்களில் ஒன்று பிளாஸ்டிக் தவளையின் (பாயிண்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் துண்டு) மீது ஏறியதும் இணைப்பு அறுந்து நின்றுவிடலாம். மின்சாரம் பாயும் உலோகத் தவளை உள்ள பாயிண்ட்டையே வாங்குங்கள். தண்டவாளத்திலும் கவனம் தேவை: 16.5 மி.மீ. என்பதற்காக, அதே அகலமுள்ள சிறிய ஸ்கேலான எச்ஓ-வின் தண்டவாளத்தைப் போட்டால் ஸ்லீப்பர்கள் சீப்புப் பல் போல நெருங்கித் தெரியும். குறுகிய பாதைக்கென்றே அகன்ற இடைவெளியில் ஸ்லீப்பர் வைத்து வரும் தண்டவாளம் கிடைக்கிறது.

பின்திரையில் முதல் போட்டியாளர் அச்சடித்த புகைப்படம். வேகமான வழி, ஆனால் ஸ்கேல் பெரிதாகப் பெரிதாகப் பொய் வெளுக்கும். காரணம் எளிய கணக்கு. பார்ப்பவர் திரையிலிருந்து 800 மி.மீ. தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். 100 மீட்டர் தொலைவில் உள்ள 6 மீட்டர் வீடு திரையில் 48 மி.மீ. உயரம்தான் இருக்க வேண்டும், எந்த ஸ்கேலானாலும். அதன் முன் நிற்கும் மாடல் வீடு ஓஎன்30-ல் 125 மி.மீ.; இரண்டரை மடங்கு. கண் ஏற்றுக்கொள்ளும். ஜி-யில் 267, ஐந்தரை மடங்கு. நடுவில் எதுவுமே இல்லாமல் பத்து மில்லிமீட்டரில் அந்தத் தாவல் நடந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அச்சடிப்பதானால் 2400 × 600 மி.மீ.க்கு அங்குலத்துக்கு 100 புள்ளி போதும், அதாவது சுமார் 9450 × 2360 பிக்சல். கேமராவை மேனுவலில் பூட்டி, மூன்றில் ஒரு பங்கு மேற்கவிய நாலைந்து படம் எடுத்து இணையுங்கள். நிறச் செறிவையும் கான்ட்ராஸ்டையும் கால்வாசி குறையுங்கள். கூர்மையான படம் ரயிலைவிட முந்திக்கொண்டு கண்ணை இழுக்கும். பளபளக்கும் ஃப்ளெக்ஸ் வேண்டாம், விளக்கு அதில் தெரியும். வெள்ளைப் பசையில் காகிதம் ஈரம் குடித்து விரியும். காய்ந்ததும் சுருங்கி, இணைப்பில் வெள்ளைக் கோடு வாய் பிளக்கும். தன்னொட்டி மேட் வினைல்தான் பாதுகாப்பு.

வரைந்த திரைக்கு ஓவியத் திறமை தேவையில்லை, பொறுமை வேண்டும். பக்கச் சுவர்களையும் சேர்த்து 2 சதுர மீட்டர்; அரை லிட்டர் வெள்ளை மேட் எமல்ஷன், 100 மி.லி. நீலம். மூலைகளை 150 மி.மீ.க்குக் குறையாத ஆரத்தில் வளையுங்கள். செங்குத்து மூலையில் வானம் மடிந்து தெரியும். உச்சிக்கு நீலம், நடுவுக்குப் பாதி, தொடுவானத்துக்கு ஏறக்குறைய வெள்ளை என மூன்று கிண்ணம். ஈரம் காயும் முன் குறுக்காக இழுத்துக் கலக்க வேண்டும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பட்டை பட்டையாக நிற்கும் வானத்துக்கு விசிறிதான் பெரும்பாலும் காரணம். தூர மலை வெளிறிய நீலச் சாம்பல். கிட்டே வர வர ஒரு படி கருமை. மூன்று அடுக்கு போதும், நான்காவது கூட்டமாகிவிடும்.

மூன்றாவது, 40 முதல் 60 மி.மீ. ஆழமுள்ள அரைக் கட்டடம். ஜி ஸ்கேலுக்கு உண்மையில் இதுதான் திரை. வேகனின் நிழல் சுவரில் விழுந்தால் இயல்பாக இருக்கும். ஆனால் செங்கல் சுவரில் இறங்குமுன் எண்ணிப் பாருங்கள்: சாந்தோடு ஒரு கல் 10 × 3.3 மி.மீ. 600 × 270 சுவருக்கு ஏறத்தாழ 4,860 கல், ஒவ்வொன்றையும் கீற வேண்டும். செங்கல் அச்சடித்த தாளை ஒட்டினால் இந்த அளவில் தட்டையாகவே தெரியும். தகரக் கொட்டகையோ பலகைச் சுவரோ வையுங்கள். ஓ ஸ்கேலில் 1:48 கட்டடத்தைப் பின்னால் நிறுத்துவது நல்ல உத்தி: சுமார் ஒன்பது சதவீதம் சிறியது, அதனாலேயே தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்.

இவற்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், இந்தப் பலகைக்கு ஓஎன்30-உம் வரைந்த திரையும். ஷண்டிங் ஆட்டமே முக்கியம், குறுகிய பாதை அல்லாத, ஸ்டாண்டர்ட் கேஜ் வேகன்கள்தான் பிடிக்கும் என்பவர்களுக்கு ஓ ஸ்கேலோடு வரைந்த வானமும் அதன் முன் அரைக் கட்டட வரிசையும். எதுவானாலும், எல்இடி பட்டையை முன்விளிம்புக்கு மேலே, 4000 கெல்வினில், இரண்டு வரிசையாகப் பொருத்திவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே வண்ணம் கலக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கலந்த நீலம் விளக்கின் கீழ் வேறு நீலமாகிவிடும்.