பேஸ்மென்ற் சுவருக்குப் பச்சை லேசர்: எதற்கு வாங்கலாம், எதற்கு நம்பக்கூடாது

பார்த்த சாமான்: பொஷ் ஜிஎல்எல் 3-330 சிஜி. ஒரு கிடைக்கோடும் இரண்டு நிலைக்கோடுகளும் சுற்றிவர 360 பாகைக்கு விழும் பச்சை லேசர். இதே வகையில் வேறு கொம்பனிகளின் மூன்று தள லேசர்களும் ரொறன்ரோவில் தாராளமாகக் கிடைக்கின்றன. கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். தரையில் போட்ட கோட்டை அப்படியே சீலிங்கிற்கு ஏற்றுவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. மூலைமட்டம் (இரண்டு சுவர் சரியாக 90 பாகையில் சந்திப்பது) எடுக்கத்தான் வாங்குகிறேன் என்றால், அந்த வேலையை நல்ல அளக்கும் ரேப் ஒன்றும் நீலச் சோக் லைன் (சோக் தூள் பூசிய கோடு அடிக்கும் நூல்) ஒன்றும் குறைந்த காசில், பெரும்பாலும் கூடிய துல்லியத்தோடு செய்துவிடும்.

கொம்பனி சொல்லும் துல்லியம் 30 அடிக்கு 3/32 இஞ்ச். 20 அடி நீளமான ஒரு ஹோலுக்கு அது 1/16 இஞ்ச்தான் வரும். மரவேலைக்கு அது தாராளம், ஏனென்றால் கடையில் வாங்கும் 2x4 மரம் அதைவிடக் கூட வளைந்திருக்கும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அந்த எண் மட்டத்துக்கும் தூக்குக்கும் (நிலைக்கோடு செங்குத்தாக நிற்பதற்கும்) உரியது. இரண்டு நிலைக்கோடுகளுக்கும் இடையில் உள்ள கோணம் சரியாக 90 பாகையா என்பது வேறு கேள்வி. மலிவான லேசர்கள் பலவற்றின் பெட்டியில் அதற்கு ஒரு எண்ணே இருக்காது. பேஸ்மென்ற்றில் சுவர் பிரிப்பவருக்கு வேண்டியதோ அந்த எண்தான்.

அதைச் சோதிக்க வேறு கருவி எதுவும் வேண்டாம். அறையின் நடுவில் லேசரை வைத்து, நாலு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில், 12 அடி என்று வையுங்கள், நிலைக்கோடு விழும் இடத்தில் ஒட்டுரேப் துண்டு ஒட்டிப் பென்சிலால் குறியுங்கள். பிறகு நடுப்புள்ளி நகராமல் லேசரைக் கால்வட்டம் திருப்பி, முன்கோட்டை வலப்பக்கக் குறியில் சரியாக நிறுத்துங்கள். இப்போது வலப்பக்கக் கோடு பின்சுவர்க் குறியில் விழ வேண்டும். விலகினால், அந்த விலகலின் பாதிதான் உண்மையான பிழை, ஏனென்றால் திருப்பும்போது பிழை இரட்டிக்கிறது. 12 அடியில் 1/8 இஞ்ச் விலகினால் உண்மையில் 1/16, வைத்துக்கொள்ளலாம். 1/4 இஞ்ச்சுக்கு மேல் போனால் ரசீது கையில் இருக்கும்போதே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இனி அளக்கும் ரேப்பின் பக்கத்து நியாயம். 3-4-5 (முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5 ஆனால் மூலை 90 பாகை) எல்லோருக்கும் தெரியும். அதை எந்த அளவில் போடுவது என்பதில்தான் வேலை கெடுகிறது. 3 அடி, 4 அடி குறித்து, 5 அடியில் 1/8 இஞ்ச் தவறவிட்டால், அந்தக் கோட்டை 20 அடிக்கு நீட்டும்போது நுனி ஏறக்குறைய 1 இஞ்ச் விலகி நிற்கும். அதே 1/8 தவறை 12-16-20 அடியில் விட்டால் விலகல் கால் இஞ்ச்தான். ஆகவே அறை எவ்வளவு பெரிய முக்கோணத்துக்கு இடம் தருகிறதோ அவ்வளவு பெரிதாகப் போடுங்கள். ரேப்பின் கொக்கி ஆடும், அதனால் 1 இஞ்ச் குறியில் பிடித்து அளப்பது நல்லது. மூன்று அளவிலும் அந்த ஒரு இஞ்ச்சைக் கூட்ட மறக்கக்கூடாது. சுவர் நாலும் குறித்தபின் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று பாருங்கள். அந்தக் கடைசி அளவை எந்த லேசரும் உங்களுக்காக எடுத்துத் தராது.

எந்தச் சுவருக்கு மூலைமட்டம் என்பதை லேசரை எடுக்குமுன் முடிவுசெய்ய வேண்டும். வீட்டின் அத்திவாரச் சுவர் நேராக இருக்கும் என்று நம்பித் தொடங்குவதுதான் மிகப்பெரிய பிழை. கொங்கிறீற் ஊற்றியபோது பலகை கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கும். மூலைக்கு மூலை ஒரு இஞ்ச் வித்தியாசம் அதிசயமே இல்லை. ஆக நீளமான வெளிச்சுவரை எடுத்து, அதிலிருந்து 12 இஞ்ச் தள்ளி லேசரின் நிலைக்கோட்டை விடுங்கள். 4 அடிக்கு ஒருமுறை கோட்டிலிருந்து கொங்கிறீற்றுக்கு அளந்து சுவரிலேயே எழுதுங்கள். 12 1/2, 12, 11 1/4, 11 3/4 என்று வந்தால், 11 1/4 வந்த இடத்தில்தான் வயிறு. ஸ்ரட் (சுவரின் நிலைமரம்) 3 1/2 இஞ்ச், அதற்குப் பின்னால் 1 இஞ்ச் இடைவெளி என்றால், அந்த இடத்திலிருந்து 4 1/2 இஞ்ச்சில் சுவரின் உள்முகம் வரும். கோட்டிலிருந்து பார்த்தால் அது 6 3/4. அந்த 6 3/4-ஐ இரண்டு நுனியிலும் வைத்துச் சோக் லைன் அடியுங்கள். முதலில் 2 இஞ்ச் நுரைப்பலகை ஒட்டுவதென்றால் 1 இஞ்ச்சுக்குப் பதில் அந்தக் கனத்தைக் கூட்டுங்கள். மூலையில் நின்று 4 1/2 அளந்து தொடங்கினால், நடுவில் ஸ்ரட் கொங்கிறீற்றில் முட்டி நிற்கும். அப்போது சுவர் முழுவதையும் கழற்றுவதா, ஒரு ஸ்ரட்டைச் செதுக்குவதா என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும்.

12 இஞ்ச் தள்ளி விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லேசர்க்கோட்டைப் பிளேற்றின் (ஸ்ரட்டுகளின் அடியிலும் மேலும் கிடக்கும் மரம்) விளிம்பிலேயே விட்டால், முதல் ஸ்ரட் நிறுத்தியதும் மிச்சத் தூரத்துக்குக் கோடு மறைந்துவிடும். கோடு தள்ளி ஓடினால் எந்த ஸ்ரட்டையும் எந்த நேரமும் அளந்து பார்க்கலாம். இந்த லேசரோடு பழகாதவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அடுத்த தடுமாற்றம், கருவியின் அடியில் கோடுகள் வெட்டும் புள்ளி தெரியாதது. அடித்தட்டு அதை மறைத்துவிடும். முன்னும் பின்னும் குறித்துச் சோக் அடித்து, பக்கக்கோட்டையும் அதேபோல் அடித்தால் வெட்டும் இடம் தரையில் கிடைத்துவிடும். நீலச் சோக் கால்பட்டு அழியும் என்பதால் அதன்மேல் கிளியர் ஸ்பிரே கொஞ்சம் அடித்துவிடலாம். சிவப்புச் சோக் கொங்கிறீற்றில் பட்டால் அழியாது, கோட்டைத் திருத்த வழியில்லை.

சீலிங்கிற்குப் போவோம், காசு கொடுத்ததன் பயன் அங்கேதான் தெரியும். தரையில் கோடு விழும் அதே கணத்தில் மேலே ஜொயிஸ்ற்றுகளின் (மேல்வீட்டுத் தரையைத் தாங்கும் மரங்கள்) அடியிலும் அதே கோடு ஓடும். தூக்குக்குண்டோடு இரண்டு பேர் ஏணியில் ஏறி இறங்கும் வேலை ஒரே ஆளால் முடிகிறது. சுவர் ஜொயிஸ்ற்றுக்குக் குறுக்கே போனால் மேல்பிளேற்றை நேரே அடிக்கலாம். ஜொயிஸ்ற்றுக்குச் சமாந்தரமாகப் போய் இரண்டுக்கும் நடுவில் விழுந்தால், 2 அடிக்கு ஒன்றாக 2x4 துண்டுகளைக் குறுக்கே அடித்து அதில் பிளேற்றைப் பிடிக்க வேண்டும். வசதிக்காகப் பிளேற்றைப் பக்கத்து ஜொயிஸ்ற்றுக்கு இழுத்தால் மூலைமட்டம் அங்கேயே போய்விட்டது. இரும்பு பீமைச் சுற்றிப் பெட்டி அடிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பீம் அத்திவாரச் சுவருக்குச் சமாந்தரமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பெட்டியின் முகத்தைப் பீமிலிருந்து அளக்காமல் லேசர்க்கோட்டிலிருந்து அளந்தால்தான், சுவரும் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கோணல் கண்ணில் படாது.

கிடைக்கோட்டின் வேலை சிறியது, ஆனால் முக்கியமானது. பேஸ்மென்ற் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். கோட்டிலிருந்து கீழே தரைக்கும் மேலே ஜொயிஸ்ற்றுக்கும் ஒவ்வொரு ஸ்ரட் இடத்திலும் அளந்து கூட்டினால், எந்த ஸ்ரட்டை எவ்வளவுக்கு வெட்டுவது என்பது ஏணி இல்லாமலே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, படுக்கவைத்து அடித்து நிமிர்த்துவது வேகமான வழி. ஆனால் 96 இஞ்ச் உயரமும் 3 1/2 இஞ்ச் கனமும் உள்ள சுவரின் மூலைவிட்டம் 96 1/16. மேலே சரியாக 96 இருந்தால் நிமிரும்போது இறுகி நிற்கும். சம்மட்டியால் அடித்து ஏற்றினால் மேல்வீட்டுத் தரை உயரும். ஆகக் குறைந்த உயரத்திலிருந்து 3/8 கழித்து அடித்து, இடைவெளிக்குச் சிம் (மெல்லிய ஆப்பு) வைப்பதுதான் முறை. சரிவு கூடிய தரையில் இரண்டு பிளேற்றையும் முதலில் பிடித்து, ஸ்ரட்டை ஒவ்வொன்றாக வெட்டி நிறுத்துவதே நல்லது. ஸ்ரட்டின் பக்கத்திலிருந்து ஆணியைச் சரிவாக அடிப்பதென்றால் ஒரு நுனிக்கு 2 1/2 இஞ்ச் ஆணி நாலு. பிளேற் ஊடாக நேரே அடிப்பதென்றால் 3 1/4 இஞ்ச் ஆணி இரண்டு.

கீழ்ப்பிளேற் பற்றி இரண்டு சொல்லு. மருந்தூட்டாத மரம் நேரே கொங்கிறீற்றில் படக்கூடாது, அடியில் பொலித்தீன் அல்லது நுரைப்பட்டி போட வேண்டும். 3/16 இஞ்ச் தாப்கொன் (கொங்கிறீற்றில் இறங்கும் திருகு) திருகுக்கு 5/32 இஞ்ச் துளைக்கும் பிற். 2 3/4 இஞ்ச் நீளத் திருகு பிளேற்றின் 1 1/2 போக 1 1/4 இஞ்ச் கொங்கிறீற்றுக்குள் இறங்கும். துளையைக் கால் இஞ்ச் கூட ஆழமாகப் போட்டுத் தூளை உறிஞ்சி எடுங்கள். திருகு கடிக்கும்போது பிளேற் கோட்டிலிருந்து 1/8 நழுவும். அதன்மேல் ஏறி நின்றுகொண்டு இறுக்கினால் நழுவாது. தரைக்குள் சூடாக்கும் குழாய் ஓடுகிறதென்றால் துளையே போடாமல் பசையால் ஒட்டுவதுதான் புத்தி.

எங்கே மூலைமட்டம் கட்டாயம், எங்கே விட்டுக்கொடுக்கலாம்? பாத்ரூமில் விட்டுக்கொடுக்க முடியாது. 60 இஞ்ச் தொட்டிக்கு ஸ்ரட்டுக்கு ஸ்ரட் 60-இலிருந்து 60 1/4 வரைதான் இடம். ஒரு பக்கம் கோணினால் தொட்டி இறங்காது, அல்லது ஒரு மூலையில் ரைல் ஆப்புப்போல ஒடுங்கி வரும். சமையலறைக் கவுன்ரர் வரும் மூலையும் அப்படியே. கொரிடோருக்கோ மூலைமட்டத்தைவிட இரண்டு சுவரும் சமாந்தரமாக இருப்பதுதான் முக்கியம், 36 இஞ்ச் ஒரு நுனியில் 35 1/2 ஆனால் நடந்துபோகிறவர் கண்ணுக்கே தெரியும். மிச்சக் கோணலை எல்லாம் பேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) அறைக்குள் தள்ளிவிடுங்கள். அங்கே விருந்தாளி யாரும் வரப்போவதில்லை.

கருவியின் குறைகளும் உண்டு. உள்ளே தொங்கும் ஊசல்தான் மட்டம் பிடிக்கிறது, 4 பாகைக்கு மேல் சரிந்தால் அதனால் முடியாது. காந்தத் தாங்கியை இரும்புத் தூணில் ஒட்டுவது மிகவும் வசதி. பீமில் ஒட்டினால் மேலே பிள்ளைகள் ஓடும்போது கோடும் சேர்ந்து ஆடும். பக்கத்தில் துப்பாக்கி ஆணி அடிக்கும்போதும் அப்படித்தான், கோடு அடங்கும்வரை குறிக்காதீர்கள். பனிக்காலத்தில் வான் வண்டியில் கிடந்ததை உள்ளே கொண்டுவந்த உடனே வேலைக்கு வைக்காமல், அறைச்சூட்டுக்கு வர விடுங்கள். தூரம் போகப் போகக் கோடு தடிக்கும் என்பதால் எப்போதும் அதன் நடுவையே குறியுங்கள். மூன்று கோடும் எரிந்தால் பற்றரி வேகமாகப் போகும். 12 வோல்ற் பற்றரியிலும் நாலு டபிள்-ஏ பற்றரியிலும் ஓடுவது பெரிய நன்மை. ஆனாலும் வேண்டாத கோடுகளை அணைத்து வைக்கும் பழக்கம் வேண்டும்.

ஒரே ஒரு பேஸ்மென்ற் முடிப்பவர் இதை வாங்கத் தேவையில்லை. கோடு போடும் இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். அல்லது டிவோல்ற் டிடபிள்யூ 088 போன்ற சிவப்புக் குறுக்குக்கோட்டு லேசர். அதன் துல்லியம் 30 அடிக்கு 1/8 இஞ்ச். ஒரு நிலைக்கோடும் ஒரு கிடைக்கோடும்தான் தரும், மூலைமட்டத்தை ரேப்பால் எடுத்துக்கொண்டு சீலிங்கிற்கு ஏற்ற அதுவே போதும். மாதத்துக்கு ஒரு வீடு செய்யும் குழுவுக்குப் பொஷ் தன் விலையை விரைவில் உழைத்துத் தந்துவிடும். பழையது வாங்குபவர்கள் பூட்டும் சுவிற்சைப் போட்டு, கருவியை மெதுவாகக் குலுக்கிப் பாருங்கள். பூட்டியபின்னும் உள்ளே ஊசல் அடிக்கும் சத்தம் கேட்டால் பூட்டு உடைந்திருக்கிறது, எங்கோ விழுந்த கருவி அது. விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.