வேலூரில் ஈயம் பூசுவது: தெருவில் வருபவரிடமா, பாத்திரக் கடையிலா?

பரணில் கிடக்கும் பித்தளைக் குண்டானை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் அதைப் பழைய பித்தளை விலைக்குத்தான் எடுப்பார். அந்தப் பணத்துக்கு அதே அளவில், அதே கனத்தில் புதுக் குண்டான் வராது. உள்ளே மஞ்சள் தெரிகிறது, ரசம் வைத்தால் கைக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால் பாத்திரம் நன்றாகவே இருக்கிறது. ஈயம் தேய்ந்துபோயிருக்கிறது. அவ்வப்போது திரும்பப் பூசிக்கொண்டால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

வேலூர் பக்கம் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அடுப்பும் ஊதுலையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருபவர். நம் ஊரில் பல வீடுகளில் இதைக் கலாய் பூசுவது என்றே சொல்வார்கள். இன்னொன்று, லாங் பஜார் மாதிரி இடங்களில் பாத்திரக் கடையில் விசாரித்துக் கொடுத்து, சொன்ன நாளில் போய் வாங்கிக்கொள்வது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் கல்யாண பிரியாணிக்குத் தேக்சா என்கிற பெரிய பாத்திரம் ஏற்றுகிற சமையல்காரர்களுக்கு இந்த வேலை அடிக்கடி தேவைப்படும். நல்ல ஆள் யார் என்று தெரியாவிட்டால் அவர்களிடம் கேளுங்கள். பாத்திரத்தை வைத்துப் பிழைப்பவர் யாரிடம் கொடுக்கிறாரோ, அவரிடம் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தெருவில் கண்முன்னால் பூசுபவருக்கு ஐந்துக்கு நாலு. கடையில் கொடுத்து வாங்குவதற்கு இரண்டரை. கடைக்காரரின் நேர்மையில் சந்தேகம் என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த வேலையில் நல்லது கெட்டது எல்லாமே பூசுகிற பத்து, பதினைந்து நிமிடத்தில் நடந்து முடிந்துவிடும். பூசி முடித்துப் பளபளவென்று கைக்கு வரும்போது சுத்த வெள்ளீயமும் (டின்), காரீயம் (லெட்) கலந்த கலப்பட ஈயமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கூடவே உட்கார்ந்து பார்க்கிற வசதி தெருவில்தான் உண்டு.

கலப்படத்துக்குக் காரணம் விலை. பூச வேண்டியது வெள்ளீயம். அது காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விலை. போதாததற்கு, இரண்டையும் கலந்தால் உருகுகிற சூடும் இறங்கிவிடும். சுத்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் காரீயம் சேர்த்தால் 183 டிகிரியிலேயே தண்ணீராக ஓடும். கரியும் மிச்சம், நேரமும் மிச்சம், பூசுவதும் சுலபம். ஆனால் காரீயம் புளியிலும் தயிரிலும் கரைந்து சாப்பாட்டில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ரேடியோ பழுது பார்க்கும் கடையில் சுருளாக விற்கிற பற்றவைப்புக் கம்பியில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். அந்தச் சுருளை எடுத்துப் பூச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஈயம் பிடிக்கும் என்று தெரிந்திருந்தால் பேரம் பேசவும் வசதி. விட்டம் 25 செ.மீ., உயரம் 20 செ.மீ. உள்ள குண்டான் கிட்டத்தட்ட 10 லிட்டர் கொள்ளும். அதன் உட்பரப்பு சுமார் 2,000 சதுர செ.மீ. பூச்சு 0.02 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால் 30 கிராம் வெள்ளீயம் வேண்டும். அன்றைய வெள்ளீய விலையில் 30 கிராமுக்கு என்ன ஆகும் என்று பார்த்து, மேலே கரியும் கூலியும் சேர்த்தால் நியாயமான தொகை வந்துவிடும். பொருள் விலைக்கே கட்டாத தொகையை ஒருவர் கேட்டால் சந்தோஷப்படாதீர்கள். ஒன்று பூச்சு பேருக்கு இருக்கும், இல்லை காரீயம் இருக்கும்.

பேச்சை ஆரம்பிக்கும்போதே, "பாய், கட்டியைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டுவிடலாம். யோக்கியமானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வாங்கி இரண்டு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தால் காரீயம் பென்சில் மாதிரி சாம்பல் நிறக் கோடு போடும். வெள்ளீயம் அப்படிப் போடாது. மெல்லிய குச்சியாக இருந்தால் காதுக்குப் பக்கத்தில் வைத்து வளையுங்கள். சுத்த வெள்ளீயம் வளையும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும். காரீயம் சத்தமே இல்லாமல் வளையும். இந்தச் சோதனைகள் அதிகக் கலப்படத்தைத்தான் காட்டிக்கொடுக்கும், கொஞ்சமாகக் கலந்தால் தெரியாது. அந்தக் கவலையும் வேண்டாம் என்றால் வெள்ளீயத்தை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசலாம். நாலைந்து வீடு சேர்ந்து செய்தால் இதுதான் கட்டுபடி. ஒருமுறை மூட்டிய கரியில் அடுத்தடுத்துப் பூசலாம் என்பதால் அவரும் ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொள்வார்.

பூசுவதற்குக் கொடுக்கும் முன்பு பாத்திரத்தை வீட்டிலேயே சுத்தம் செய்வது நல்லது. இதற்குப் புதுப் புளி தேவையில்லை. ஒரு வாரம் சேர்த்து வைத்த புளிச் சக்கையும் பிழிந்த எலுமிச்சை மூடிகளும் போதும். 10 லிட்டர் குண்டானில் கால் பாகம் தண்ணீர் ஊற்றி, இரண்டு கைப்பிடி கல்லுப்பும் சக்கையும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் தேங்காய் நாரால் தேய்த்தால் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் பச்சைக் களிம்பும் வந்துவிடும். கழுத்து மடிப்பிலும் விளிம்பின் சுருட்டலுக்கு உள்ளேயும்தான் அழுக்கு தங்கும், அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ் போடுங்கள். கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள். வெளிப்புறத்தில் ஒட்டுப் போட்டிருந்தால், ஓட்டையை ஈயத்தால் அடைத்திருந்தால், அதை முதலிலேயே காட்டிச் சொல்லிவிட வேண்டும். அடுப்பில் ஏறியதும் அந்த அடைப்பு உருகி விழுந்துவிடும். பின்னால் சண்டை போட்டுப் பயனில்லை. அந்த அடைப்பில் காரீயமும் இருக்கக்கூடும் என்பதால் அப்படிப்பட்ட பாத்திரத்தைச் சமையலிலிருந்து விலக்கிவிடுவதே மேல். தண்ணீர் பிடித்து வைக்கும் குடத்துக்கும் தவலைக்கும் ஈயமே தேவையில்லை, தேய்த்துக் கழுவினால் போதும்.

இப்போது வேலையைக் கவனியுங்கள். தரையில் ஒரு சாண் குழி, அதில் மரக்கரி, பக்கவாட்டில் கைச்சக்கர ஊதுலை. பாத்திரத்தைக் குறட்டால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரே பக்கம் சூடேறினால் அங்கே மட்டும் ஈயம் வழியும், மற்ற பக்கம் ஒட்டாது. சூடு பதமாயிற்றா என்று பார்க்க ஈயக் குச்சியை லேசாகத் தொட்டு எடுப்பார்கள். தொட்ட இடத்தில் வெள்ளிப் பொட்டு ஒட்டிக்கொண்டு உடனே நீர்ச் சொட்டு மாதிரி ஓடினால் பதம். உடனே நவச்சாரப் பொடியை (அம்மோனியம் குளோரைடு உப்பு) தூவிப் பஞ்சால் உள்ளே எல்லாப் பக்கமும் துடைப்பார்கள், குப்பென்று வெள்ளைப் புகை எழும். அந்தச் சூட்டில் நவச்சாரம் பிரிந்து, பித்தளையின் மேல் படிந்திருக்கிற துருவைத் தின்றுவிடும். இந்தத் துடைப்பு சரியாக விழாத இடத்தில் ஈயம் பிடிக்காது. புகை மூக்கையும் கண்ணையும் எரிக்கும் என்பதால் காற்று வரும் பக்கமாக உட்காருங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அடுத்ததுதான் கண்ணை எடுக்கக்கூடாத கட்டம். அடியில் ஒரு இடத்தில் குச்சியைத் தேய்த்துவிட்டு, பஞ்சுப் பொட்டலத்தால் வட்டமாக இழுத்துக்கொண்டே மேலே ஏறுவார். கை போகிற வழியில் மஞ்சள் மறைந்து வெள்ளை பரவும். கை தேர்ந்தவர் அடி, வயிறு, கழுத்து என்று மூன்று தடவையாகக் குச்சி தொடுவார். அரைகுறை ஆள் அடியில் மட்டும் தாராளமாக வைத்து, அதையே விளிம்பு வரைக்கும் இழுத்துத் தள்ளுவார். அதனால்தான் பல பாத்திரங்களில் கழுத்துப் பகுதி ஆறு மாதத்தில் மஞ்சளாகிறது. சூடு குறைந்திருந்தால் ஈயம் முத்து முத்தாக நிற்கும். சூடு ஏறிப்போனால் பூச்சு மஞ்சளோ நீலமோ ஓடி மங்கிவிடும். இரண்டில் எது நடந்தாலும் அப்போதே திரும்பச் சூடேற்றிச் சரிசெய்யச் சொல்லலாம். ஆறி வீட்டுக்கு வந்த பிறகு கேட்பது கஷ்டம். கடைசியில் தண்ணீரில் முக்கி எடுத்ததும் பளிச்சென்று ஆகும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் செல்போன் விளக்கைப் பாத்திரத்துக்குள் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் அழுக்கின் மேல் பூசியிருக்கிறார். பிறகு அரை எலுமிச்சம்பழத்தை உள்ளே முழுக்கத் தேய்த்து இரண்டு நிமிடம் விட்டுக் கழுவினால், ஈயம் விட்டுப்போன இடம் மஞ்சளாகப் பளிச்சென்று தனியாகத் தெரியும். கழுத்தை மறக்காதீர்கள். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துக் கழுவி, மறுபடி துடைக்கும்போதும் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டே இருந்தால் ஈயம் சந்தேகத்துக்குரியது.

கடையில் கொடுப்பதாக இருந்தால் இந்தக் கடைசிச் சோதனைகள்தான் நமக்கு இருக்கிற ஒரே பிடி. கொடுக்கும்போது பாத்திரத்தின் எடையைக் கிராம் கணக்கில் சீட்டில் எழுதி வாங்குங்கள், எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கடையின் நல்ல பக்கமும் உண்டு. நாலு பேர் தூக்குகிற அண்டாவுக்குத் தெருவில் குழி வெட்டி முடியாது, பட்டறையில்தான் முடியும். பொங்கலுக்கு முந்தின வாரம் மட்டும் இரண்டு இடத்துக்கும் போகாதீர்கள். கூட்டத்தில் துடைப்பு வேலை பாதியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு வெயில் நாளாகப் பார்த்துக்கொண்டால் பொங்கல் பானையும் தயாராகிவிடும்.

புதிதாகப் பூசிய பாத்திரத்தில் நவச்சார உப்பு ஒட்டியிருக்கும். அரிசி கழுவிய தண்ணீரை முக்கால் பாகம் ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கொட்டுங்கள், இரண்டு தடவை. இதைச் செய்யாமல் கவிழ்த்து வைத்தால் இரண்டு நாளில் விளிம்போரம் பச்சை பூக்கும். பூசிய இடத்துச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கவோ செடிக்குப் போடவோ அள்ளி வராதீர்கள், அதில் உலோகத் தூளும் நவச்சாரமும் கலந்திருக்கும்.

போட்ட காசு எத்தனை நாள் நிற்கும் என்பது அடுப்படியில்தான் தீர்மானமாகும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனால், கேஸ் அடுப்பில் அடிப்பாகம் சில நிமிடத்திலேயே 232 டிகிரியைத் தொட்டு ஈயம் நடுவில் குட்டையாகத் திரண்டுவிடும். முதலில் தண்ணீர், பிறகு தீ. கடுகு தாளிக்க எண்ணெய் புகைகிற சூடும் ஏறக்குறைய இதே அளவுதான், ஆகவே தாளிப்பு எப்போதும் இரும்புக் கரண்டியில் தனியாக. உள்ளே துழாவ மர அகப்பையோ கொட்டாங்குச்சி அகப்பையோ வேண்டும். தேய்ப்பதற்குப் பீர்க்கங்கூடு, தேங்காய் நார் போதும். கம்பி நார் பட்டால் ஒரு வருடம் வரவேண்டிய பூச்சு இரண்டு மாதத்தில் போய்விடும். சோறு அடிப்பிடித்தால் சுரண்டாமல் ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் தானாகப் பெயரும். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு எதையும் அதிலேயே ராத்திரி விட்டுவைக்கக் கூடாது.

கேஸிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். எவர்சில்வரைவிடப் பித்தளை ஏழு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் அடி முழுக்கச் சீராகக் காயும், கனமான பாத்திரம் சூட்டைப் பிடித்தும் வைத்திருக்கும். பொங்கலோ கூட்டோ முக்கால் வேக்காட்டுக்கு மேல் வந்ததும் அடுப்பை அணைத்து, மூடி, மேலே பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டுவிட்டால் மிச்ச வேக்காடு தானாக முடியும்.

ஈயம் கறுத்து மங்குவது தேய்மானம் இல்லை, அதற்காகத் திரும்பப் பூச வேண்டாம். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சள் தெரிந்தால் புளிப்புச் சமையலை நிறுத்துங்கள். அடியில் மட்டும் போயிருந்தால் அடிக்கு மட்டும் பூசித் தரச் சொல்லலாம். கூலி குறையும் என்று தோன்றும், ஆனால் பாத்திரம் முழுக்கச் சூடேறித்தான் ஆக வேண்டும், துடைப்பும் முழுக்கத்தான். இருபது, இருபத்தைந்து கிராம் ஈயம்தான் வித்தியாசம். முழுதாகவே பூசச் சொல்லிவிடுங்கள்.